விரல்நுனியும் கண்ணாடித் திரையும்

(தமிழ் மன்றத் திங்கட்கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



தொடுதல் வேறு, உறுதல் வேறு. விரல் சென்று ஒரு பொருளின்மேற் படுவது தொடுதல். அவ்வாறு பட்டதனால் அப்பொருளின் வன்மையும் மென்மையும், வெம்மையும் தண்மையும், சொரசொரப்பும் வழவழப்பும் உள்ளத்துக்கு வந்து சேர்வது உறுதல். ஓசை, ஒளி, சுவை, நாற்றம் என்று புலன்வழிப் பொருள்களை எண்ணிய தமிழ் முன்னோர், ஐந்தாவதனைத் 'தொடு' என்று சொல்லாமல் 'ஊறு' என்று சொன்னது இவ்வேறுபாட்டை உணர்ந்தே போலும். தொல்காப்பியர் தம் மரபியலில் உயிர்களை அறிவின் படிமுறையால் வகுத்தபோது, எல்லாவற்றுக்கும் அடிப்படியாக வைத்ததும் இவ்வூற்றறிவையே. கண்ணும் செவியும் இல்லாத நிலைத்திணை உயிர்களுக்கும் அஃது உண்டென்பது அவர் கொள்கை.

இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கிடக்கின்ற தொடுதிரையை இவ்வேறுபாட்டை நெஞ்சிற்கொண்டு நோக்குதல் வேண்டும். தொடுதிரை என்பது மிகப் பொருத்தமாக அமைந்துவிட்ட பெயர். அதில் தொடுதல் உண்டு, ஊறு இல்லை. திரை விரலை அறிகின்றது. விரலோ, திரையில் எழுதியிருப்பது எதுவாயினும், வழவழப்பான கண்ணாடி ஒன்றையே அறிகின்றது. இந்த ஒருவழி உறவு எவ்வாறு உண்டாயிற்று, அதனால் வந்தது என்ன, போனது என்ன என்பதே இப்பொழிவின் பொருள்.

1965ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் மால்வெர்ன் என்னும் ஊரிலிருந்த அரச இரேடார் ஆய்வு நிலையத்தில் எரிக் ஆர்தர் சான்சன் என்பார் பணியாற்றினார். வானூர்திகளை வழிநடத்துவோர் படும் இடர்ப்பாடு அவர் கண்முன் நின்றது. திரையிலே வானூர்திகள் பல புள்ளிகளாக நகர்கின்றன. அவற்றுள் ஒன்றைக் குறித்துக் கணிப்பொறிக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டுமாயின், அதன் அழைப்புக் குறியை விசைப்பலகையில் எழுத்தெழுத்தாக அடித்தல் வேண்டும். கண் திரையை விட்டுப் பலகைக்கு இறங்கும். விரல் ஓரெழுத்தை மாற்றி அடிக்கும். திருத்தி முடிப்பதற்குள் வானூர்தி நெடுந்தொலைவு கடந்திருக்கும்.

சான்சன் கண்ட தீர்வு எளியது. திரையின் முகப்பில் மெல்லிய செப்புக் கம்பிகள் சிலவற்றைப் பதித்தார். ஒவ்வொரு கம்பிக்கும் அருகில், அந்நேரத்துக்கு வேண்டிய சொல்லைக் கணிப்பொறி திரையில் எழுதிக் காட்டும். பணியாளர் உரிய கம்பியைத் தொட்டால் போதும். மாந்தன் உடல் உப்புநீர் நிறைந்தது, மின்னைக் கடத்துவது. ஆகலின் விரல் அணுகியவுடன் அக்கம்பி மின்னேற்றங் கொள்ளும் திறன் சிறிது மாறும். அம்மாற்றத்தைக் கணிப்பொறி கண்டுகொள்ளும். அவ்வாண்டு இதனைச் சுருக்கமாக வெளியிட்ட சான்சன், 1967இல் படங்களுடன் விரித்தும் எழுதினார்.

இதன் உயிர்க்கருத்து தொடுதலில் இல்லை என்பதை ஊன்றிக் காணல் வேண்டும். விசையின்மேல் இருக்கும் எழுத்து நிலையானதன்று என்பதே அவ்வுயிர்க்கருத்து. விசைப்பலகையில் ஒரு விசைக்கு ஓரெழுத்து. அதனை வார்த்தவன் பொறித்தது பொறித்ததே. சான்சன் திரையிலோ ஒரே இடம் இப்பொழுது ஒரு வானூர்தியின் பெயராகவும், அடுத்த நொடியில் அது பறக்கும் உயரமாகவும், அதற்கடுத்து 'ஆம்' என்றும் 'அன்று' என்றும் மாறலாம். அவ்வேளைக்குப் பொருந்தாத விடைகளைத் திரை காட்டவே காட்டாது. ஆதலால் அவற்றைத் தொட்டுப் பிழைசெய்யவும் இயலாது.

இக்கருத்து முழுவளர்ச்சி பெற்றது செனீவா நகரையடுத்த ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிறுவனமாகிய செர்னில். ஆங்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் சுற்றளவில், நிலத்தின்கீழ் ஒரு மாபெரும் துகள்முடுக்கி உருவாகிக்கொண்டிருந்தது. அணுத்துகள்களை அவ்வட்டத்திற் சுழற்றி விரைவேற்றும் பொறி அது. அதன் காந்தங்களையும் மின்னூட்டங்களையும் வெற்றிடக் குழாய்களையும் பழைய முறையில் ஆள்வதாயின், அழுத்துவிசைகளும் திருகுகுமிழ்களும் ஆயிரக்கணக்கில் வேண்டும். சுவர்கள் முழுவதும் அவையே நிறைந்திருக்கும். பிராங்கு பெக் என்பார் அவற்றையெல்லாம் சில மேசைகளுக்குள் அடக்கிவிட எண்ணினார். அப்பொறுப்பு தென்மார்க்கு நாட்டுப் பொறியாளர் பெண்ட் சுடும்பே என்பாரிடம் வந்தது.

1972 மார்ச்சு 11ஆம் நாளிட்டுச் சுடும்பே கைப்பட எழுதிய குறிப்பு ஒன்றில் அவர்தம் தீர்வு இருக்கின்றது. கண்ணாடித் தகட்டின்மேல் செம்பு பூசி, அதனை 80 மைக்ரோமீட்டர் அகலமுள்ள கோடுகளாகவும், அதேயளவு இடைவெளிகளாகவும் அரித்தெடுத்தல். ஒரு மில்லிமீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கினும் குறைந்த நுண்கோடு அஃது, கண்ணுக்குத் தெரியாது. அடியிலிருக்கும் திரையின் எழுத்து அதனூடே தெளிவாகத் தெரியும். அக்கோடுகள் கூடி ஒவ்வோர் அழுத்துவிசையாக அமையும்; இறுதியில் அமைந்த திரையில் 16 விசைகள். ஒன்றைத் தொட்டால் அடுத்த 16 தோன்றும். அவற்றுள் ஒன்றைத் தொட்டால் மேலும் 16. மும்முறை தொட்டால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விசைகளை ஆளலாம். 1976இல் அம்முடுக்கி இயங்கத் தொடங்கியபோது அதன் ஆளுகையறையில் இத்திரைகளே இருந்தன.

இவ்விடத்தில் பலரும் சொல்லாது விடுகின்ற செய்தி ஒன்று உண்டு. சுடும்பே தொடுதிரையை மட்டும் செய்து கொடுத்து நின்றாரல்லர். அதனோடு, கணிப்பொறியின் ஆளுகைக்குட்பட்ட திருகுகுமிழ் ஒன்றையும், உள்ளங்கையால் உருட்டும் பந்து ஒன்றையும் சேர்த்தே செய்தார். எதனை மாற்றப்போவது என்பதைத் திரையில் தொட்டுத் தேர்ந்துகொள்ளலாம். எவ்வளவு மாற்றுவது என்பதைக் குமிழைப் பிடித்துத் திருகி அறிதல் வேண்டும். தேர்வுக்குத் தொடுதல், அளவுக்கு ஊறு! பின்வந்தோர் பலர் முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதைக் குப்பையிலிட்டனர்.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் இருவேறு வழிகள் பிறந்தன. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொனால்டு பிட்சர் குழுவினர் வளர்த்த 'பிளேட்டோ' என்னும் கணிப்பொறிக் கல்விமுறையின் நான்காம் வடிவம் 1972இல் வந்தது. அதன் செம்மஞ்சள் நிறத் திரையின் நாற்புறமும் அகச்சிவப்புக் கதிர்கள் 16க்கு 16 என்று வலைபோற் பாயும். மாணவன் விரல் அவ்வலையை எங்கே அறுக்கின்றதோ அங்கேதான் விடை. கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் அர்சுட்டு என்னும் இயற்பியலாளர், வரைபடத் தாள்களிலிருந்து அளவுகளைக் கையால் எடுத்தெழுதும் அலுப்பிலிருந்து விடுபடவே மின்கடத்தும் தாளொன்றை அமைத்தார். அதிலிருந்து இரண்டு மெல்லேடுகள் ஒன்றையொன்று அழுந்தித் தொடும் திரை வளர்ந்தது. கையுறை அணிந்த விரலுக்கும் மரக்குச்சிக்கும் அஃது இணங்கும். பின்னாளில் பற்றுச்சீட்டு இயந்திரங்களிலும் கடைகளிலும் நெடுங்காலம் இருந்தது அவ்வகையே.

எழுத்து நிலையானதன்று என்ற கருத்தால் தமிழுக்கு வந்த பயன் ஒன்றை ஈண்டுச் சுட்டாமற் செல்லுதல் முறையன்று. தட்டச்சுப் பொறியிலே தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை வைக்க இடமில்லை. ஆகலின் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியே பிரிந்து நின்றன. கணிப்பொறி வந்தபின் 1999இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' பலகையில் உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்குமாக ஒழுங்குற அமைந்தன. ஆனால் கடையில் வாங்கும் பலகையின்மேல் பொறித்திருந்தது பெரும்பாலும் ஆங்கில எழுத்து. 'அம்மா' என்று எழுத ஆங்கில எழுத்துகளைத் தடவித்திரிந்த தமிழர் எத்தனை பேர்! கண்ணாடித் திரையில் அந்தப் பொறித்தல் இல்லை. அகரம் வேண்டுமாயின் அகரமே அங்கு எழுந்து நிற்கும். அதனை எழுப்ப மென்பொருளில் சில வரிகளே வேண்டும். உலோகத்தையும் நெகிழியையும் புதிதாக வார்க்க வேண்டுவதில்லை. இவ்வளவு எளிதான பின்னரும் அதனைக் கைப்பேசியில் நிறுவாமல் ஆங்கில எழுத்திலேயே தமிழைக் கொத்திக்கொண்டிருப்போரைப் பற்றி இவ்வவையில் சொல்லத் தேவையில்லை.

இனி, தொடாமலே ஆளும் முறை. இதுவும் புதிதன்று. 1920ஆம் ஆண்டளவில் உருசிய இயற்பியலாளர் இலெவ் தெர்மென் ஓர் இசைக்கருவி அமைத்தார். தெரமின் என்று அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. அதில் நரம்பும் இல்லை, துளையும் இல்லை, தோலும் இல்லை. நேராக நிற்கும் கோல் ஒன்று, வளைந்த கம்பி ஒன்று. ஒரு கையைக் கோலுக்கு அருகே கொண்டுசெல்லச் செல்லச் சுருதி உயரும். மற்றொரு கை கம்பியை அணுக அணுக ஓசை தணியும். மின்னேற்றங் கொள்ளும் திறன் உடலால் மாறுவதாகிய அதே இயற்கைதான் இங்கும் வேலை செய்கின்றது. இக்கருவியைப் பயின்றோர் கூறும் இடர்ப்பாடு ஒன்றே: கைக்குப் பிடிப்பில்லை. யாழிலே நரம்பு விரலைத் தடுத்து, 'இங்கே நில்' என்று சொல்லும். காற்றில் அவ்வாறு சொல்வார் யார்? செவியொன்றையே துணைகொண்டு, கை நடுங்காமல், மூச்சையும் அடக்கி இசைத்தல் வேண்டும். அதனால் நூறாண்டு கடந்தும் அதனைத் திறம்பட இசைப்போர் சிலரே.

1980இல் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் இரிச்சர்டு போல்ட் என்பார் காட்டிய முறை தமிழ் இலக்கணம் பயின்றோர்க்குப் பெரிதும் இனிப்பது. சுவரளவு திரை; எதிரே நாற்காலியில் ஒருவர்; அவர் மணிக்கட்டில் இருப்பிடம் காட்டும் உணரி. அவர் திரையிலுள்ள ஓர் உருவை நோக்கிக் கையை நீட்டி, 'அதை' என்கிறார். வேறோரிடத்தை நோக்கி நீட்டி, 'அங்கே வை' என்கிறார். உரு இடம்பெயர்கின்றது. சொல்லை மட்டும் கேட்ட பொறிக்கு 'அது' எது, 'அங்கு' எங்கு என்று விளங்காது. கையை மட்டும் பார்த்தால் என்ன செய்வதென்று விளங்காது. இரண்டும் கூடியவிடத்தே பொருள் பிறக்கின்றது. அ, இ, உ என்னும் மூன்றனையும் தமிழ் இலக்கணம் 'சுட்டு' என்று வழங்குகின்றது. சுட்டுதல் விரலின் தொழில். எழுத்துக்கு விரலின் பெயரைச் சூட்டிய இலக்கண மரபினர்க்குப் போல்ட்டின் ஆய்வு வியப்பளிப்பதன்று, மகிழ்வளிப்பது.

பல விரல்களை ஒருங்கே அறியும் திரைக்கு வருவோம். 1982இல் கனடாவின் தொராண்டோப் பல்கலைக்கழகத்தில் நிமிசு மேத்தா என்னும் மாணவர் தம் பட்ட ஆய்வுக்காகப் பனிபடர்ந்தாற் போன்ற கண்ணாடி ஒன்றை அமைத்து, அதன் பின்புறம் ஒளிப்படக் கருவியை வைத்தார். விரல் பட்ட இடங்கள் வெண்புலத்தில் கரும்புள்ளிகளாகத் தோன்றின; அழுத்த அழுத்தப் புள்ளி பெருத்தது. அதே பல்கலைக்கழகத்தில் பில் பக்சுடன் குழுவினர் 1985இல் மின்கொண்மத்தால் பல விரல்களை அறியும் பலகையை வெளியிட்டனர். எனினும் இக்கலையைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்ததற்குக் கரணியமாயிருந்தது ஒருவர் கைவலி! தெலவேர் பல்கலைக்கழக மாணவர் வேய்ன் வெசுட்டர்மன் விசைப்பலகையில் அடித்தடித்துக் கைநோவுற்றார். எள்ளளவும் அழுத்தம் வேண்டாத பரப்பொன்றை நாடி, ஆசிரியர் சான் எலியாசோடு சேர்ந்து 1998இல் 'பிங்கர்வொர்க்சு' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1999இல் அவரது ஆய்வேடு முடிந்தது. 2005இல் ஆப்பிள் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. 2007இல் ஐபோன் வந்தது. இரு விரலை விரிக்கப் படம் விரிவதும், கூட்டச் சுருங்குவதும் உலகமெங்கும் பரவின.

ஒன்றை நடுநிலையாகச் சொல்லுதல் வேண்டும். கண்ணாடியின் எதிர்ப்பின்மை அந்த மாணவரின் நொந்த கைக்கு மருந்தாக இருந்தது. ஊறு இன்மை எல்லார்க்கும் இழப்பன்று.

ஆனால் எழுதுகோலையும் விசையையும் நீக்கிய திரை, பின்னர்த் தான் நீக்கியதையே திரும்பத் தேடலாயிற்று. கைப்பேசிக்குள் சிறு அதிர்வுப்பொறி வைத்துத் தொட்டவுடன் நடுங்கச் செய்தனர். 2015இல் ஆப்பிள் வெளியிட்ட மடிக்கணிப்பொறியின் தொடுபலகை அழுத்தினால் அமிழ்வதில்லை. மின்காந்தத்தால் அசைக்கப்பட்டு, அமிழ்ந்து மீண்டது போன்ற மயக்கத்தை விரலுக்கு ஊட்டுகின்றது. மின்னை நிறுத்தினால் அது வெறுங்கண்ணாடி. காற்றில் கையசைத்து ஆளும் பொறிகளோ இவ்வளவும் பெறவில்லை. 2010இல் மைக்ரோசாப்டு வெளியிட்ட 'கினெக்ட்' கருவி உடலசைவு முழுவதையும் கண்டறிந்தது. 2017இல் அதன் ஆக்கம் நிறுத்தப்பட்டது. 2019இல் கூகுள் தன் 'பிக்சல் 4' கைப்பேசிக்குள் இரேடாரையே சுருக்கி வைத்து விரலசைவை அறியச் செய்தது. அடுத்த ஆண்டுப் பேசியில் அஃது இல்லை. 2024இல் ஆப்பிள் வெளியிட்ட தலையணிக் கருவியில் கண்ணால் நோக்கித் தேர்ந்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் ஒன்றோடொன்று சேர்த்தால் ஆணை நிறைவேறும். இதில் ஒரு நுட்பம் காண்க: காற்று தராத ஊற்றை விரலுக்கு விரலே தந்துகொள்கின்றது.

பார்வையற்றோர்க்கு இவ்வழவழப்பு என்னாயிற்று என்பதையும் எண்ணுதல் வேண்டும். பழைய கைப்பேசியில் 5 என்னும் விசையின்மேல் சிறு மேடு ஒன்று இருக்கும். அதனைத் தடவி அறிந்து, மேலும் கீழும் இடமும் வலமும் எண்ணி, எவரையும் கேளாமல் எவர்க்கும் பேசலாம். மேடில்லாத கண்ணாடி அவ்வுரிமையை ஒரே நாளில் பறித்தது. 2009இல் ஆப்பிள் தன் பேசியில் 'வாய்சோவர்' என்னும் திரைபடிப்பியைச் சேர்த்தபோது வழி பிறந்தது. விரல் கண்ணாடியில் ஊர்ந்து செல்லும். செல்லுமிடத்து உள்ளதைப் பேசி ஒலித்துக் கூறும். வேண்டியதைக் கேட்டவுடன் இருமுறை தட்டினால் அது திறக்கும். ஊறு செய்த வேலையை ஓசை ஏற்றுக்கொண்டது. தமிழிலும் அவ்வாறு படித்துக்காட்டும் குரல்கள் இன்று உள்ளன. ஆயினும் மென்பொருள் எழுதுவோன் ஒரு படத்துக்குப் பெயரிட மறந்தானாயின், விரல் அங்கே சென்றதும் பேசி வெறுமனே 'பொத்தான்' என்று சொல்லி நின்றுவிடும். என்ன பொத்தான்? யார் அறிவார்!

கண்ணுடையோரும் இவ்வழவழப்பில் வழுக்கி வீழ்ந்ததற்குக் கடலிலே சான்று உண்டு. 2017 ஆகசுட்டு 21ஆம் நாள் விடியற்காலை. அமெரிக்கப் போர்க்கப்பல் சான் எசு. மெக்கெயின் சிங்கப்பூர் நீரிணையை அணுகிக்கொண்டிருந்தது. கப்பல்கள் நெருங்கிச் செல்லும் வழி அது. சுக்கான் பிடித்தவர் திசையையும் விரைவையும் ஒருங்கே ஆளத் திணறுவதைக் கண்ட தலைவர், விரைவை ஆளும் பொறுப்பைப் பக்கத்திலிருந்தவர்க்கு மாற்றுமாறு ஆணையிட்டார். ஆளுகை முழுவதும் தொடுதிரையில். விரைவோடு சுக்கானும் சேர்ந்து அடுத்த திரைக்கு மாறிவிட்டது. மாறியது அங்கிருந்த எவர்க்கும் தெரியவில்லை. சுக்கான் செயலிழந்தது என்றே எண்ணினர். விரைவைக் குறைக்க முயன்றபோது, இரு சுழலிகளும் திரையில் ஒன்றாகப் பிணைக்கப்படாதிருந்தமையால், இடப்புறச் சுழலி மட்டுமே தணிந்தது. வலப்புறம் முன்போலவே உந்தியது. கப்பல் இடப்புறமாக வளைந்து, அல்னிக் என்னும் எண்ணெய்க்கப்பலின் முன்னே சென்று மோதுண்டது. உறங்கிக்கொண்டிருந்தோரின் அறைக்குள் நீர் புகுந்தது. கடற்படையினர் 10 பேர் மாண்டனர்.

ஆய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துக் காப்பு வாரியம் 2019இல் தன் அறிக்கையைத் தந்தது. கடற்படையின் மேற்பார்வைக் குறைவையும் அதனால் விளைந்த பயிற்சிக் குறைவையும் அது முதன்மையாகச் சாற்றியது. தொடுதிரை அமைப்பு பிழைக்கு வழிவகுத்ததையும் எடுத்துக் கூறியது. பழைய முறையில் இரு சுழலிகளுக்கும் இரு நெம்புகோல்கள் இருக்கும். இருளிலும் கையை வைத்தால் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக நிற்பது உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். திரையைப் படிக்க வேண்டுவதில்லை. கப்பல்களிற் பணியாற்றுவோரைக் கடற்படையினர் கேட்டபோது அவர்கள் வேண்டியதும் அதுவே. அவ்வாண்டு ஆகசுட்டுத் திங்களில், அவ்வகைப் போர்க்கப்பல்களில் விரைவை ஆளும் தொடுதிரைகளை அகற்றிக் கையாற் பிடித்துத் தள்ளும் நெம்புகோல்களை மீண்டும் பொருத்தப்போவதாக அமெரிக்கக் கடற்படை அறிவித்தது.